மூன்று அங்குலக் குழாய்

என் அப்பா என்னை அடையாளம் கண்டுகொள்வதற்கு மிச்சமிருந்த ஒரேயொரு வழியை நானே கார் திருத்துகிற கராச்சுக்குக் கொண்டுபோய், வெட்டி எடுக்கச் சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்று தேத்தண்ணியும் குடித்தேன். இரண்டாவது தேத்தண்ணிக்கு வடையும் சாப்பிட்டேன். வேறு யாராவது இதைச் செய்திருந்தால் ஒரு மாதத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பேன்.

கார் என்னுடையது. ஜப்பான்காரன் எண்பதுகளில் செய்த டேர்போ கார், இரண்டு கதவு, சிவப்பு நிறம். சுவிட்சைத் தட்டினால் முன்விளக்குகள் தவளைக் கண்கள் போல மேலே எழும்பும். ஒன்று எழும்பும், மற்றது கொஞ்சம் யோசிக்கும். பின் சீற்றில் மனிதர் இருக்க முடியாது, ஒரு பலாப்பழம் இருக்கலாம். பெயருக்குத்தான் வேகக் கார். கொழும்புத்துறையில் மீன் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள்களே என்னை முந்திப் போகும். போகும்போது மரியாதைக்காகத் தலையாட்டுவார்கள்.

மூன்று மாதமாக நான் ஃபோனில் வெளிநாட்டுக்காரரின் கார்ப் பின்புறங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய குழாய், பெரிய சத்தம். ஒருநாள் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, இதைவிட அசிங்கமான படம் ஏதும் பார்த்துக்கொண்டிருந்தால் மனதுக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்றாள்.

இனி அப்பா. முப்பது வருஷம் பருத்தித்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் பஸ் ஓட்டியவர். இப்போது கரவெட்டியில் எங்கள் பழைய வீட்டில் அக்காவோடு இருக்கிறார். கண்ணில் பாதி வெளிச்சம் போய்விட்டது. ஞாபகம் அதைவிட வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது. காது மட்டும் இன்னும் வேலையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நெல்லியடிச் சந்தி கடந்து வீட்டுக்குப் போகிற ஒழுங்கைக்குள் திரும்புவதற்கு முன்பே, அக்காவுக்கு ஒரு சத்தமும் கேளாத நேரத்தில், “மோன் வாறான்” என்று கதிரையை விட்டு எழும்பிவிடுவார். கேற்றைத் திறந்து, நடு ஒழுங்கையில் நின்று, பஸ்ஸைப் பின்னுக்கு எடுப்பிக்கிற மாதிரிக் கையைக் காட்டி என்னை உள்ளே எடுப்பார். அந்தச் சத்தத்தின் பலன் சோறு முடிகிற வரைக்கும் தாங்கும். அதுவரை நான் அவருடைய மோன், அவர் பெற்ற மகன். எனக்குப் பக்கத்தில் இருந்து சோற்றுக் கோப்பை துடைத்தாற்போலச் சாப்பிடுவார். கை கழுவிவிட்டு வந்து, “தம்பி எந்த ஊர்?” என்று கேட்பார்.

நான் இதை என் வெற்றியாகவே எடுத்துக்கொண்டேன். எல்லாரையும் மறந்த மனிதர் என்னை மட்டும் மறக்கவில்லை என்று கலியாண வீடுகளில் சொல்லித் திரிந்தேன். அவர் மறக்காதது என்னையா, என்னுடைய சைலன்சரையா என்று யோசிக்கிற அளவுக்கு எனக்கு மூளை இருக்கவில்லை.

கராச்காரர் என்னைவிடப் பத்து வயது இளையவர். காரை உயர்த்திவிட்டு, ஒரு டொக்டரைப்போல அடியில் நின்று பார்த்தார்.

“அண்ணை, டேர்போவுக்கு மூச்சு முட்டுது. புகை வெளியிலை போற வேகத்திலைதான் உது சுத்தும். இந்தச் சைலன்சரோடை ஓடுறது, மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட்டப் போட்டிக்குப் போற மாதிரி.”

பழைய சைலன்சரை விரலால் தட்டினார். உள்ளே ஏதோ கிலுகிலுத்தது. தகடு ஒன்று துருப்பிடித்துக் கழன்று கிடக்கிறதாம். டேர்போவிலிருந்து பின் பம்பர் வரைக்கும் துருப்பிடிக்காத மூன்று அங்குலக் குழாய் போட்டால் கார் திரும்பப் பிறந்த மாதிரி இருக்கும் என்றார். எனக்கும் திரும்பப் பிறக்க வேண்டும் போலிருந்தது. இரண்டு நாள் வெட்டி, வளைத்து, வெல்டிங் பிடித்தார்கள். பழசு வேண்டுமா என்று கேட்டபோது, வள்ளல் மாதிரிக் கையை விசிறி, தூக்கி எறியுங்கோ என்று சொன்னேன்.

அடுத்த ஞாயிறு வல்லை வெளியில் வைத்து அக்சிலேற்றரை அமத்தினேன். டேர்போ உண்மையாகவே மூச்சுவிட்டது. முதுகு சீற்றோடு ஒட்டியது. கடல்நீருக்குள் நின்ற கொக்குகள் எல்லாம் ஒன்றாக எழும்பின. காருக்குள் தனியாக இருந்து வாய்விட்டுச் சிரித்தேன். ஐம்பத்திரண்டு வயது.

புதுக் குழாய்க்கு ஒரு பழக்கம் இருந்தது. வேகமாக வந்து அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தால் பின்னால் படபடவென்று வெடிக்கும். கராச்காரர் அதைக் குறையாகச் சொல்லவில்லை, சிறப்பாகத்தான் சொல்லியிருந்தார். அக்காவின் ஒழுங்கைக்குள் திரும்பும்போது நான் காலை எடுத்தேன். இரண்டு பக்கமும் மதில். மதிலுக்கு மதில் அடிபட்டு அது வெடித்த வெடிப்பில் எனக்கே தலை தானாகக் குனிந்தது.

கேற் சாத்தியபடி இருந்தது. கையைக் காட்ட ஒருவரும் இல்லை. கோர்ன் அடித்துப் பார்த்தேன். பிறகு நானே இறங்கித் திறந்துகொண்டு உள்ளே போனேன். விறாந்தையில் அப்பாவின் கதிரை சரிந்து கிடந்தது. குசினியில் அடுப்பு எரிந்தபடியே இருக்க, அக்காவைக் காணவில்லை.

கிணற்றுக்குப் பின்னால் வாழைகளுக்கு நடுவில் இரண்டு பேரும் இருந்தார்கள். அப்பா குந்தியிருந்தார். ஒரு கையால் அக்காவின் தலையைக் கீழே அமத்திப் பிடித்திருந்தார். அந்த இடத்தில்தான் சண்டைக் காலத்தில் ஷெல்லுக்கு ஒளிக்கிற எங்கள் பங்கர் இருந்தது. அதை மூடி வாழை வைத்து எத்தனையோ வருஷம். அப்பா மறந்துபோன நூறு விஷயங்களில் அது இல்லைப் போலும்.

நான்தான் அப்பா என்று சொல்லிக்கொண்டு கிட்டப் போனேன். வாயில் விரலை வைத்துக் காட்டினார்.

“சத்தம் போடாதையும். இரும் கீழை. மோன் இன்னும் வரேல்லை.”

இருந்தேன். வேறென்ன செய்ய? பகிடிக்காரன் என்று ஊருக்குள் எனக்கு ஒரு பெயர் உண்டு. செத்த வீட்டிலும் மூலைக்குள் நின்று நாலு பேரைச் சிரிக்க வைக்கிறவன். அந்த வாழைக்குக் கீழே, அக்காவின் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு குந்தியிருந்தபோது ஒரு பகிடியும் வரவில்லை. அக்கா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை. கொஞ்ச நேரத்தால் அப்பா குனிந்து என் காதுக்குள் கேட்டார்.

“வாற வழியிலை என்ரை மோனைக் கண்டனீரோ?”

“ஓம், கண்டனான்,” என்றேன். “வந்துகொண்டு நிக்கிறார்.”

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. மோன் வரட்டும் என்றார். நான் கையைப் பிடித்துக் காருக்குக் கிட்டக் கூட்டிக்கொண்டு போனேன். பொனற்றைத் தடவிப் பார்த்து, நல்ல கார், ஆரின்ரை என்று கேட்டார். திங்கட்கிழமையும் அவர் சாப்பிடவில்லை என்று அக்கா கோல் எடுத்தாள். செவ்வாய் இரண்டு வாய். அவருக்குச் சீனி வருத்தம். வெறும் வயிற்றில் குளிசை கொடுக்கவும் முடியாது, கொடுக்காமல் விடவும் முடியாது. கோப்பையைத் தள்ளிவிட்டுக் கேற்றடியில் போய் நிற்கிறாராம். மூன்றாம் நாள் அவருடைய சாரம் இடுப்பில் நில்லாமல் வழுக, இறுக்கிக் கட்டிவிட வேண்டியிருந்தது என்றாள். அதைச் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தாள்.

கராச்சுக்கு ஓடினேன். பழைய இரும்பு லொறி வெள்ளிக்கிழமையே வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. இரும்பு சேர்க்கிற வளவைத் தேடிப் பிடித்து, அந்தக் குவியலுக்கு மேல் ஏறி, அகப்பட்ட சைலன்சர் ஒவ்வொன்றையும் தூக்கிக் காதோரம் குலுக்கிப் பார்த்தேன், தேங்காய் வாங்குகிற மாதிரி. ஒன்றிலும் என்னுடைய கிலுகிலுப்பு இல்லை. வளவுக்காரர் நான் எதையோ ஒளித்து வைத்துவிட்டுத் தேடுகிறேன் என்று நினைத்துப் பின்னாலேயே வந்தார்.

திரும்பக் கராச். பழைய சத்தம் வேண்டும் என்றேன். கராச்காரர் கையைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தார்.

“அண்ணை, சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். உங்கடை பழைய சத்தம் ஊத்தையும் துருவும் சேர்ந்து தானாய் வந்தது. அதை நான் எப்பிடிச் செய்யிறது?”

என்றாலும் நல்ல மனிதர், முயற்சி செய்தார். வான் சைலன்சர் ஒன்றைக் கொண்டுவந்து குழாயின் நடுவில் பொருத்தினார். வெடிப்பு நின்றது. அதோடு கரவெட்டிக்குப் போனேன். கேற்றடியில் நின்ற அப்பா தலையைச் சரித்துக் கேட்டார். “உது வான். ஒரு சிலிண்டர் அடிக்கேல்லை,” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். கராச்சில் பார்த்தபோது, ஒரு பிளக் உண்மையாகவே வேலை செய்யவில்லை. அதை மாற்றி, இன்னொரு சைலன்சர் போட்டு, இரண்டு தகட்டுத் துண்டையும் உள்ளே போட்டுக் கிலுக்கிக்கொண்டு மறுபடி போனேன். தண்ணி பவுசர் லொறி வருகிறது, வாளியளை எடுங்கோ என்று அக்காவுக்குச் சொன்னார். எஞ்சினுக்குள் எது பழுது என்று ஒழுங்கை முனையிலிருந்தே கண்டுபிடிக்கிறவருக்கு, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கிறவனைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அக்கா உண்மையாகவே இரண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆள் களைத்துப்போயிருந்தாள். அப்பாவின் கழுத்தெலும்பு சேட்டுக்கு வெளியே தெரிந்தது.

என்னுடைய ஃபோனில் அந்தக் காரின் வீடியோ முப்பதுக்கு மேல் இருக்கும். அப்பாவின் வீடியோ ஒன்றும் இல்லை. ஒன்றில் மட்டும் அவருடைய கை வருகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஒழுங்கைக்குள் வருகிற கம்பீரத்தை முற்றத்தில் நின்று எடுக்கச் சொல்லி மனைவியை வற்புறுத்தி எடுப்பித்தது. நாற்பது வினாடி. தூரத்தில் தொடங்கி, கிட்டவந்து, கிலுகிலுத்து, அடங்குகிற சத்தம். அதை அக்காவுக்கு அனுப்பினேன். அவளிடம் விடியற்காலையில் தேவாரம் போடுகிற சின்ன ஸ்பீக்கர் ஒன்று இருந்தது. அதைக் கேற்றடி மதிலில் வைக்கச் சொன்னேன். காரைச் சந்தியில் ஒரு கடை வாசலில் விட்டுவிட்டு ஒழுங்கையால் நடந்தேன். அவள் சத்தத்தைப் போட, அது முடிகிற நேரத்தில் நான் கேற்றால் உள்ளே வருவது என்று திட்டம். மோன் வந்துவிட்டான், சாப்பிடலாம். அவ்வளவுதான் வேண்டும்.

நான் பாதி ஒழுங்கையில் வரும்போது என்னுடைய கார் மதிலுக்கு மேலிருந்து வரத் தொடங்கியது. உள்ளே கதிரை நிலத்தில் உரசும் சத்தம் கேட்டது. கேற் திறந்தது. அப்பா நடு ஒழுங்கைக்கு வந்து, காலை அகட்டி நின்று, கையை உயர்த்தினார். முகம் முழுக்கச் சிரிப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் காருக்குள் இருந்ததால் அந்த முகத்தை இதற்கு முன் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. வா, வா, வா என்று விரல்களை மடக்கினார். நான் அந்தக் கையை நோக்கி நேரே நடந்தேன். கிட்டப் போனதும் என் தோளைப் பிடித்து மதிலோரமாக ஒதுக்கினார்.

“தம்பி, கொஞ்சம் விலகி நில்லும். மோன் கார் கொண்டு வாறான்.”

விலகி நின்றேன். மதிலில் முதுகை வைத்துக்கொண்டு, நான் வருவதை அவரோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது வினாடி முடிந்தது. கை உயர்ந்தபடியே இருந்தது. ஒரு சைக்கிள்காரர் வந்தார். அந்தக் கை தனக்குத்தான் என்று நினைத்து இறங்கி, உருட்டிக்கொண்டு போனார்.

அப்பா கையை இறக்கினார். கோபம் இல்லை, ஏமாற்றமும் இல்லை. வந்தவன் ஏதோ அவசரத்தில் திரும்பிப் போய்விட்டான் என்று எனக்கு விளங்கப்படுத்தினார். உயிரோடு இருக்கிறான், வேலை இருக்கும். பிறகு கிணற்றடியில் கையைக் கழுவிவிட்டு வந்து மேசையில் இருந்தார். பாரைமீன் குழம்பும் கத்தரிக்காயும். இரண்டு தரம் சோறு வாங்கினார். என்னையும் இருத்தி, வெட்கப்படாமல் சாப்பிடும் தம்பி என்று மோனின் மீன் துண்டை எடுத்து என் கோப்பையில் வைத்தார். அது நான் வழக்கமாகச் சாப்பிடுகிற துண்டுதான்.

அக்கா குளிசையைக் கொடுத்தாள். விழுங்கிவிட்டுப் போய்ப் படுத்தார். இரவுச் சோற்றுக்கும் அதே நாற்பது வினாடியைப் போட்டுப் பார்க்கப்போகிறேன் என்றாள் அவள்.

வீட்டுக்குப் பின்னால் அவள் சட்டி பானை கழுவிக்கொண்டிருந்தபோது பின்வாசற்படியில் போய் இருந்தேன். இனி நான் வரத் தேவையில்லை, ஸ்பீக்கருக்குச் சார்ஜ் இருந்தால் காணும் என்று ஒரு பகிடியைத் தொடங்கினேன். பாதியில் விட்டுவிட்டேன். அப்பாவுக்கு என்னைத் தெரியவில்லை அக்கா என்றேன். மூக்கு ஒழுகியது. இந்த வயதில் மூக்கு ஒழுக அழுகிறவனைப் பார்க்க அழகாக இருந்திருக்காது. அக்கா சாம்பல் கையோடு நிமிர்ந்தாள்.

“பத்து மாசமா என்னை மிஸி எண்டுதான் கூப்பிடுறார். ஆசுப்பத்திரியிலையிருந்து ஊசி போட வந்த மிஸியாம். மூண்டு நேரமும் சோறு குடுக்கிற எனக்கே அப்பிடி. நான் ஆருக்கும் சொல்லி அழுதனானே? எழும்பி வந்து இந்தச் சட்டியைக் கழுவு.”