இரண்டு மாநிலத்துக்கு நடுவே ஒரு பித்தப்பை

நான் புலம்பெயர்ந்தது நடந்தேதான். கோட்டக்குப்பத்திலிருந்து முத்தியால்பேட்டைக்குப் பத்து நிமிடம். பீரோவும் தையல் மிஷினும் மட்டும் குட்டியானை வண்டியில் வந்தன. ஆனாலும் அது தமிழ்நாடு, இது புதுச்சேரி. இங்கே போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி. பிறந்ததிலிருந்து பார்த்த தொப்பிதான். குடிவந்த மறுநாள் பார்த்தபோது ஏதோ நானே தைத்துக் கொடுத்த மாதிரி பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது. வந்த வாரமே பழைய ரேஷன் கார்டை ஒப்படைத்து, எங்கள் இருவர் பெயரையும் நீக்கிச் சான்றிதழ் வாங்கிவிட்டேன். "இன்னா அவசரம்? இங்க கார்டு வரட்டுமே" என்றாள் என் மனைவி ரஹ்மத். கேட்டேனா?

நான்காம் மாதம் அவளுக்குப் பித்தப்பையில் கல். வலியில் துடித்துப்போனாள். சீக்கிரம் ஆபரேஷன் செய்யணும் என்றார் டாக்டர். சான்றிதழை எடுத்துக்கொண்டு இங்குள்ள ரேஷன் கார்டு அலுவலகத்துக்கு ஓடினேன்.

"ஏழைங்களுக்குக் குடுக்கற சிவப்பு கார்டு இருந்தா ஆபரேஷன் இலவசம். எத்தினி வருஷமா இங்க இருக்கீங்க?" என்றார் அதிகாரி.

"நாலு மாசம் சார்."

"அஞ்சு வருஷம் ஆவட்டும், வாங்க."

"கல்லு அஞ்சு வருஷம் காத்திருக்குமா சார்?"

"அத டாக்டராண்ட கேளுங்க" என்றார், கொஞ்சமும் கிண்டல் இல்லாமல்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஏழைக்கு வைத்தியம் இலவசம் என்று இரண்டு அரசும்தான் சொல்கின்றன. எந்த ஏழைக்கு என்பதை அவரவர் தனித்தனியாக முடிவு செய்கிறார்கள். நடுவில் விழுந்தவன் யார் வீட்டு ஏழை?

கடைசியில் கோட்டக்குப்பத்தில் இருக்கும் என் மச்சான், ரஹ்மத்தின் அண்ணன், அவளைத் தன் ரேஷன் கார்டில் சேர்த்தார். தமிழ்நாட்டுக் காப்பீடும் கிடைத்தது. அதில் ஆபரேஷன் செய்யும் ஆஸ்பத்திரிகளின் பட்டியலைப் பார்த்தால், அடப்பாவிகளா, அருகிலிருப்பது புதுச்சேரியில், எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி! கோட்டக்குப்பத்துக்காரியாகப் போய்ப் படுத்தாள். முத்தியால்பேட்டைக்கு நலமாக வந்து சேர்ந்தாள்.

என்னையும் சேர்க்கிறேன் என்றார் மச்சான். வந்தவன் திரும்பிப் போவதா என்று எனக்கு வீம்பு.

"ஒங்களுக்கு ஏதாச்சும் வந்தா?" என்றாள் ரஹ்மத். "இன்னும் நாலரை வருஷம். வராம பாத்துக்குங்க."

அவளுக்குப் பெயர் அங்கே, உடம்பு இங்கே. எனக்கு உடம்பு மட்டும்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குக் கோட்டக்குப்பம் போகும்போது, எல்லையருகே இருமல் வந்தால் அடக்கிக்கொள்கிறேன். எந்தப் பக்கம் திரும்பி இருமினாலும் அது வெளியூர் இருமல்தான்.