லிசிக்கு மஞ்சள் பூசிய கதை

ஏரியில் மிதவை போடுகிற வேலையை ஒழுங்காய்ச் செய்தால் ஒருவருக்கும் தெரியாது. ஒன்று இடம் மாறினால் சுவிஸில் எங்கள் துன் நகரமே டெலிபோன் எடுக்கும். பாராட்டில்லாத வேலை பார்க்கிற உங்களுக்கு இது விளங்கும். நீந்துகிற இடத்துக்குள் படகுகள் வராமல் மஞ்சள் மிதவை கட்டுவதும், கழன்றுபோனதைத் தேடிப் பிடிப்பதும் எங்கள் பிழைப்பு. நாங்கள் என்றால் நான், சுவிஸ்காரப் படகோட்டி ஊலி, எங்கள் கிழட்டு வேலைப்படகு லிசி. இலையுதிர்காலப் பரிசோதனையில் லிசி தவறினால் அவளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, எங்களை வீதி கூட்ட அனுப்புவோம் என்று கோடை தொடங்கும்போதே மேலிடம் சொல்லிவிட்டது. எனக்கு ஏரியை விட்டுப் போக மனமே இல்லை.

மிதவையில் விருந்து

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாடகைப் படகொன்றை எங்கள் மிதவையில் கட்டிவிட்டு ஒரு குடும்பம் இடியப்பப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தது. இன்டர்லாக்கனில் ஹோட்டல் ஒன்றில் சமைக்கிற சிவம் அண்ணையும் வீட்டாரும். மிதவையில் படகு கட்டக்கூடாது. ஊலி கடுகடுத்த முகத்தோடு லிசியைப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டார். நான் தமிழில் சட்டத்தைச் சொன்னேன். அண்ணை பொறுமையாய்க் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஓம் தம்பி, இப்ப அவிழ்க்கிறன். அதுக்கு முதல் உந்த வெள்ளைக்காரருக்கு உறைப்பு ஒத்துவருமோ எண்டு கேளும்."

பாதித் தேங்காய்

ஆயுத பூசையன்று லிசிக்குச் சந்தனப் பொட்டு வைத்து, மிதவை தூக்குகிற அவள் கிரேனின் அடியில் தேங்காய் உடைத்தேன். எங்கள் ஆட்கள் புதுக் காருக்கு உடைப்பதுபோலத்தான். பாதி என் கையில் நின்றது, பாதி துள்ளி ஏரிக்குள் விழுந்தது. சாமிக்குப் போய்விட்டது, விடு என்றேன். ஊலி விடவில்லை. லிசியைத் திருப்பி, மிதவை பிடிக்கிற கொக்கித் தடியோடு அதைத் துரத்தினார். பயணிகள் கப்பலில் போன சனம் கைதட்டியது. ஒருபடியாய்ப் பிடித்து என் கையில் தந்துவிட்டு, சுவிஸ் ஜெர்மனில் சொன்னார்: "கடவுளுக்கு என்றாலும் ஏரிக்குள் குப்பை போடக்கூடாது."

பரிசோதனை

பரிசோதனைக்கு ஆள் வருகிறது என்றால் மாப்பிள்ளை வீட்டார் வருகிற மாதிரித்தானே? கரையில் ஏற்றி வைத்திருந்த லிசிக்கு முதல்நாளே, மிதவைக்கு அடிக்கிற மஞ்சள் பெயின்ற்றை உடம்பு முழுக்க அடித்தேன். அவள் வயது பாதியாய்க் குறைந்துவிட்டது என்று ஊலியே மெச்சினார்.

பரிசோதிக்க வந்த அதிகாரி அம்மா முகத்தைச் சுளித்தார். புதுப் பெயின்ற் என்றால் எதையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தமாம். காயாத பெயின்ற்றைச் சுரண்டிச் சுரண்டி, சுத்தியலால் தட்டித் தட்டிக் காது கொடுத்தார். துரு தின்ற தகடு என்றால் சத்தம் அமுங்கிப்போகும். என்னால்தான் லிசி போகப்போகிறாள் என்று அழுகையே வந்துவிட்டது. அடிப்பாகம் வரை தட்டி முடித்து, மஞ்சளாகிப்போன கையுறையைக் கழற்றிக்கொண்டே அவர் ஊலியிடம் சொன்னார்: "இரும்பு நன்றாக இருக்கிறது, ஓடட்டும். இனிமேல் இவர் கையில் பிரஷ்ஷைக் கொடுக்காதீர்கள்."

இன்னொரு மார்கழியும் கை விறைக்க விறைக்க ஈரச் சங்கிலி இழுக்கலாம் என்று ஒருவன் துள்ளிக் குதிக்கிறான் என்றால், அவன் மிதவை வேலைக்காரனாய்த்தான் இருக்கவேண்டும்.