சுத்தமாகக் கொண்டுவரவும்

ஒரு நாணயத்தைப் படமெடுக்க வேண்டுமானால் முதலில் கை கழுவ வேண்டும். இதைச் சொன்னால் என்னை ஏதோ மடி ஆசாரக்காரன் என்று நினைக்கிறார்கள். விரலில் இருக்கும் எண்ணெயும் உப்பும் செம்பின்மேல் பட்டால் ரேகையோடு பதிந்துவிடும், பிறகு போகாது. முப்பத்தோரு வருடம் ஓர் அரசு அலுவலகத்தின் ஆவணப் பிரிவில் பழம்பொருள்களைப் படமெடுத்துப் பதிவேட்டில் ஏற்றினேன். ஓய்வு பெற்றபின் என்னிடம் மிஞ்சியவை இந்தக் கை கழுவும் பழக்கமும், ஊரில் வேறு யாரும் கழுவுவதில்லை என்ற அருவருப்பும்தான்.

தச்சநல்லூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு நாள் நாணயக் கண்காட்சி நடந்தது. நடத்தியவர் மிக்சி, கிரைண்டர் விற்கும் கடைக்காரர். ஊருக்கே அண்ணாச்சி; என்னைவிட ஐந்து வயது இளையவர் என்றாலும் எனக்கும் அண்ணாச்சிதான். கண்காட்சியையொட்டி ஒரு மலர் போடப் போகிறேன், பொதுமக்கள் கொண்டுவரும் அரிய காசுகளை நீர்தான் படமெடுத்துத் தரவேண்டும் என்று வீடு தேடி வந்து கேட்டார். முறைப்படி செய்வதானால் வருகிறேன் என்றேன். அந்த வாக்கியத்தை நான் சொல்லாத இடம் இல்லை.

எனக்கு ஒதுக்கியது மணமகள் அறை. கண்ணாடியில் ஆறு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. கட்டிலுக்கடியில் அழுகிய பிச்சிப்பூ. கை கழுவும் தொட்டியில் யாரோ பாயசத்தைக் கொட்டியிருந்தார்கள். முந்திரி ஒன்று அடைப்பில் சிக்கி ஊதிக்கிடந்தது. அதை நானே ஒரு குச்சியால் எடுத்துப் போட்டுவிட்டு, மேசையைத் துடைத்து, கேமராவைக் கீழ்நோக்கிப் பார்க்கும்படி தாங்கியில் பூட்டினேன். இரண்டு விளக்கு. ஒன்று பொதுவான வெளிச்சத்துக்கு. மற்றொன்றைப் பக்கவாட்டில் மேசையோடு மேசையாகப் படுக்க வைக்க வேண்டும். தேய்ந்த எழுத்தும் அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விட்டு எழுந்து நிற்கும். காசின் அருகே மில்லிமீட்டர் அளவுகோல், பதிவு எண் எழுதிய சீட்டு. இவ்வளவும் இருந்தால்தான் அது படம்.

கதவில் என் கையெழுத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டினேன்: “பொருள்களின் மேற்பரப்பு எவ்வித இயல்புநிலை மாற்றத்திற்கும் உட்படுத்தப்படலாகாது. பதிவு நேரம்: காலை 10 முதல் மாலை 5 வரை.” படித்துவிட்டு அண்ணாச்சி, “என்னவே, கோர்ட்டு நோட்டீசு மாதிரி இருக்கு” என்றார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

கூடத்தில் நடந்ததைச் சொல்ல எனக்கே கூசுகிறது. நாணயம் விற்க வந்த ஒருவர், பிளாஸ்டிக் உறைகளைப் பிரிக்க ஒவ்வொரு முறையும் கட்டைவிரலை நாக்கில் தொட்டார். அதே விரலால் நூறு வருடத்து வெள்ளியை எடுத்து நீட்டினார். வாங்க வந்தவர் அதை வாங்கிக் கடித்துப் பார்த்தார். இன்னொரு மேசையில் வெள்ளிக் காசுகளுக்குப் பற்பசை தடவி, பழைய பனியனால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். என் அறைக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கொண்டுவந்தது அன்று காலை பஸ்ஸில் வாங்கிய சில்லறை.

“சார், இந்த அஞ்சு ரூவாய்க்கு அஞ்சு லச்சம்னு வீடியோவுல சொல்லுதான்.”

“சொல்லுதவன்கிட்டயே கொண்டு குடுங்க.”

“அவன் நம்பர் போவமாட்டக்கு சார்.”

இப்படி நாற்பது பேர். ஒருவர் பிடிவாதமாக நிற்க, அவருடைய இரண்டு ரூபாயைப் படமெடுத்து எண் போட்டுக் கொடுத்தேன். நிலை என்ற கட்டத்தில் “புழக்கத்தில் உள்ளது” என்று எழுதினேன். மனிதர் பூரித்துப்போய்விட்டார்.

முதல் நாள் மாலை ஐந்து பத்துக்கு, விளக்குகளை அணைத்துப் பெட்டியில் வைத்துவிட்ட பிறகு ஒருவர் வந்தார். விக்கிரமசிங்கபுரத்துக்காரர், நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு தலைவலித் தைலக் குப்பியை எடுத்து உள்ளங்கையில் கவிழ்த்தார். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, பச்சைப்பசேலென்று ஒரு செம்புத் துண்டு விழுந்தது. தைல வாடை மூக்கைத் துளைத்தது.

“சார், இது காசா, வாசரா? அத மட்டும் சொல்லுங்க. போயிருதேன்.”

“ஏன், யாரு வாசர்னா?”

“எல்லாவனுந்தான். ஷிப்டு முடிஞ்சு ஆத்துல குளிக்கையில கால்ல தட்டுச்சு. பரிகாரம் பண்ணுதவுக விட்டுட்டுப் போற பழைய துணியாக் கெடக்கும்லா அங்கன, அந்தத் துணிக்குள்ள சிக்கிக் கெடந்துது. ராசா காசுலேன்னு மில்லுல கொண்டு காட்டினேன். மெசின்லேர்ந்து களந்த, போல்ட்டுக்கு அடியில போடுத வாசர்ன்னுட்டானுவ. அன்னைலேர்ந்து எம்பேரே வாசர்தான். ரிட்டையர் ஆயாச்சு, இன்னும் டீக்கடையில ‘ஏலே, வாசர் வாராம்லே’ங்கான். எம் மருமவனும் சிரிக்கான் சார்.”

ஆற்றில் கண்டெடுத்ததை யாரிடம், எந்தப் படிவத்தில் தெரிவித்திருக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உருப்பெருக்கிக் கண்ணாடி என் கண்ணுக்குப் போய்விட்டது. ஒரு பக்கம் இரண்டு மீன். மறுபக்கம் பச்சைக் களிம்பு ஓடுபோல் படிந்திருந்தது. அந்தக் களிம்பிலேயே எழுத்துகள் இருந்தன. பழஞ்செம்பில் அப்படித்தான்: உள்ளே உலோகம் தின்னப்பட்டுப் போயிருக்கும், எழுத்து வெளியே களிம்பில்தான் உயிரோடிருக்கும். முதல் எழுத்து ‘கோ’. அதற்குப்பின் மூன்றோ நான்கோ. சாய்ந்த வெளிச்சம் இல்லாமல் படிக்க முடியவில்லை. ஆனால் ஒன்று தெரிந்தது. மீன் போட்ட காசுகளை எத்தனையோ படமெடுத்திருக்கிறேன். எழுத்து இப்படி அமைந்த ஒன்றை அதுவரை பார்த்ததில்லை.

“காசுதான். எழுத்து இருக்கு” என்றேன்.

அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். “என்ன எழுத்து சார்?” என்றார்.

“படமெடுத்தாத்தான் படிக்கலாம். மலர்லயும் போடலாம். பேரோட.”

“அப்பம் எடுத்திருங்க.”

“நேரம் முடிஞ்சாச்சு. விளக்கெல்லாம் கட்டியாச்சு. காலையில பத்து மணிக்கு.”

அண்ணாச்சி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “ஏன்வே, போன்ல ஒண்ணு எடுத்து வையும். மனுசன் எம்புட்டுத் தூரத்துலேர்ந்து வந்திருக்காரு.”

“அளவுகோல் இல்லாம, எண் இல்லாம எடுத்தா அதுக்குப் பேரு படமில்ல அண்ணாச்சி. கல்யாண வீட்டு செல்ஃபி.”

என் சாமர்த்தியத்துக்கு நானே சிரித்துக்கொண்டது நினைவிருக்கிறது. பிறகு, கையில் ஒட்டிய தைலத்தைக் கைக்குட்டையில் துடைத்தபடி அவரிடம் சொன்னேன்: “இந்தக் குப்பியில வேண்டாம். நாளைக்குச் சுத்தமா கொண்டு வாங்க.”

மறுநாள் ஒன்பதரைக்கே வந்துவிட்டார். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி. கூட அவர் மனைவி, பட்டுச்சேலையில். மில்காரர் புத்தம்புதுக் கைக்குட்டை ஒன்றை மேசைமேல் வைத்து, பைய மடிப்பு மடிப்பாக விரித்தார்.

நடுவில் ஒரு செம்புப் பொட்டு மின்னியது. குத்துவிளக்கு மினுங்குவதுபோல. புளி வாடை.

நான் குனிந்து பார்த்ததை அந்த அம்மாள் வியப்பு என்று எடுத்துக்கொண்டார். “மொதல்ல புளி போட்டேன் சார், போவல. பொறவு ஆத்து மணல வச்சு ஒரு தேய் தேச்சேன். கடசியில பல்பொடி. அப்பமும் எழுத்து இடுக்குல ஒட்டிட்டே கெடந்துது, ஊக்கு வச்சுக் கிண்டி எடுத்தேன். ஒரே களிம்பு! அருவருப்பால்லா இருந்துது. போட்டோவுக்கு அப்படியா குடுப்பாக?”

“நீங்க சுத்தமா கொண்டாரச் சொன்னியள்லா சார்,” என்றார் மில்காரர். “போர்டுலயும் மேற்பரப்புன்னு என்னமோ போட்டிருந்துது. எனக்கு முழுசாப் புரியல. அதான், ‘ஏட்டி, மேற்பரப்ப நல்லா பாத்துத் தேயி’ன்னேன்.”

இந்தப் பக்கத்து வீடுகளில் எது வெளியே போவதானாலும் புளி போட்டுத்தான் போகும். செம்பு, பித்தளை, கோவில் மணி எல்லாம். இது எனக்குத் தெரியாதா? என் வீட்டிலும் அதேதான். அறுபத்தைந்து வருடம் இந்த ஊரில் இருந்துவிட்டு, அலுவலகத் தமிழில் ஓர் அறிவிப்பும், வாய்மொழியாக ஒரு ‘சுத்தமும்’ கொடுத்திருக்கிறேன்.

அண்ணாச்சி உள்ளே எட்டிப்பார்த்தார். “என்னவே இது? நேத்துப் பாத்த காசா...”

“கதவச் சாத்தும் அண்ணாச்சி. வெளிச்சம் அடிக்குது.”

என் குரலில் என்ன இருந்ததோ, சாத்திவிட்டுப் போய்விட்டார்.

கை கழுவினேன். விளக்கை மேசையோடு படுக்க வைத்து, காசைத் திருப்பித் திருப்பி இருபத்திரண்டு படம் எடுத்தேன். மீன் பக்கம் பரவாயில்லை. ஒரு மீன் முழுதாகவும் மற்றொன்று வால் மட்டுமாகவும் இருந்தது. எழுத்துப் பக்கத்தில் மணல் கீறிய கோடுகள் வட்டவட்டமாக ஓடின. ஊக்கு இறங்கிய இடங்களில் குழி. ‘கோ’ இருந்த இடத்தில் ஒரு சாய்ந்த கோடு. அது எழுத்தின் கால்தானா, ஊக்கின் கீறலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மில்காரர் என் தோளுக்குப் பின்னால் நின்று கேமராவின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“படத்துல எழுத்து விழுந்துட்டா சார்? என்ன போட்டிருக்கு?”

“எழுத்து தேஞ்சிருக்கு.”

“நேத்து இருக்குன்னியளே.”

“நேத்து நான் எடுத்திருக்கணும்.”

அவர் என்னைச் சமாதானப்படுத்தும் குரலில், “நேரம் முடிஞ்சு போச்சுல்லா. நீங்க என்ன செய்வீய சார்?” என்றார்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் பதில் சொல்ல எனக்கு விதிகள் இருந்தன. இதற்கு ஒன்றும் இல்லை.

படிவத்தை நிரப்பினேன். பொருள்: செப்புக் காசு. முன்பக்கம்: இரு மீன்கள். பின்பக்கம் என்ற இடத்தில் பேனா நின்றது. நேற்று என் கண்ணால் ‘கோ’ பார்த்தேன். ஆனால் கண்ணால் பார்த்ததாகச் சொல்லி எழுதப்பட்ட எத்தனையோ குறிப்புகளை, “ஆதாரம் இணைக்கப்படவில்லை” என்று சிவப்பு மையில் திருப்பி அனுப்பியவன் நான். “வாசிக்க இயலவில்லை” என்று எழுதினேன். நிலை என்ற கட்டத்தில், “சுத்தம் செய்யப்பட்டது.” காசு சேர்ப்பவர்கள் நடுவில் அதைவிடக் கேவலமான சொல் கிடையாது, அதைப் படித்ததும் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள்.

“சார், காசுன்னு எழுதின தாள் ஒண்ணு எனக்குக் கெடைக்குமா? டீக்கடையில காட்டணும்.”

நகலில் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அவர் அதை எட்டப் பிடித்து, எழுத்துக்கூட்டி, மனைவிக்கு வாசித்துக் காட்டினார்.

“‘செப்புக் காசு.’ கேட்டியா? வாசர் இல்லட்டீ, காசு. ‘நிலை: சுத்தம் செய்யப்பட்டது.’ ஓம் வேலையையும் எழுதிட்டாகட்டீ!”

அந்த அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். “எல்லாம் எழுதுதாகளே,” என்றார். போகும்போது என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

அவர்கள் போனபின் கதவிலிருந்த என் அறிவிப்பைக் கிழித்தேன். ஒட்டும்போது நான்கு மூலையிலும் முறைப்படி பசை தடவியிருந்ததால் பாதிதான் வந்தது. “மேற்பரப்பு எவ்வித” என்பது மட்டும் கதவோடு நின்றுவிட்டது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். அதற்குள் அடுத்த ஆள், கையில் ஐந்து ரூபாயோடு.