அரிவாள் காட்டிய குடித்தனக்காரர்

இன்று ஸ்ரீவைகுண்டம் பஸ்ஸில் ஒரு பெரியவருக்கு எழுந்து இடம் கொடுத்தேன். அவர் உட்கார்ந்த பிறகுதான் முகம் பிடிபட்டது.

எழுபதுகளில் எங்கள் தூத்துக்குடி வீட்டில் குடியிருந்தவர். காலி பண்ணச் சொல்லப் போன அம்மாவிடம் அரிவாளைக் காட்டி, "இன்னொரு தடவ இந்த வாசல மிதிச்சா வெட்டிருவேன்" என்றவர்.

"ஆள் வச்சு சாமானத் தூக்கி வெளிய போடுங்கக்கா" என்றார்கள் தெருவில். அம்மா கேட்கவில்லை. போலீசில் எழுதிக் கொடுத்தாள், வக்கீல் நோட்டீஸ் விட்டாள், வருஷக்கணக்காகக் கோர்ட்டுக்கு நடந்தாள். ஜெயித்தபோது தலை முழுக்க நரைத்திருந்தது.

அவருக்கும் என்னைத் தெரிந்துவிட்டது.

"ஏளா, நம்ம வீடு நல்லா இருக்கா?"

நம்ம வீடாம்.

"இருக்கு அண்ணாச்சி. போகும்போது நீங்க பேத்துட்டுப் போன கதவத்தான் புதுசா போட்டோம்."

அதற்கும் சிரித்தார். இவருக்கு உறைக்கிற பதில் உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.