சித்தப்பாவைப் படவேட்டில் தேடியது

எங்கள் தெருவில் ஆண்கள் காணாமல் போவது புதிதல்ல. வீட்டில் சண்டை என்றாலோ, நெய்ய நூல் கொடுத்த முதலாளி திட்டினாலோ, பாதி நெய்ததைத் தறியிலேயே விட்டுவிட்டு ஒருவர் கிளம்பிவிடுவார். பத்து நாள் கழித்துப் படவேட்டு அம்மன் கோயிலில் மொட்டை போட்டுக்கொண்டு, சந்தனம் பூசிய தலையோடு வந்து நிற்பார். சாமியிடம் போய் வந்தவரை யார் என்ன சொல்ல முடியும்? மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சோறு போடுவாள். மறுநாள் தறிச் சத்தம் கேட்கும்.

எல்லையில் சண்டை நடந்த வருடம் எனக்கு ஒன்பது வயது. அப்பாவின் தம்பி ராணுவத்தில் இருந்தார். எங்கள் குடும்பத்தில் தறியில் உட்காராத ஒரே ஆள் அந்தச் சித்தப்பாதான். அவரைப் போர்முனையில் காணவில்லை என்று தந்தி வந்தது. வீடே அழுதது. நான் அழவில்லை. காணாமல் போவது என்றால் என்னவென்றுதான் எனக்குத் தெரியுமே.

மறுநாள் பள்ளியில், சித்தப்பா நல்லபடியாகக் கிடைக்க வேண்டும் என்று எல்லோரையும் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார் டீச்சர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் நின்றவள் கேட்டாள்: "மிலிட்டரிக்காரங்க எப்படிடீ காணாம போவாங்க?"

"சித்திகூட சண்டை போட்டுகினு ஓடிப் போயிருப்பாரு. மொட்டை அடிச்சிகினு வந்துடுவாரு," என்றேன், பத்துப் பேருக்குக் கேட்கும்படி.

நான் சொன்னது சாயங்காலத்துக்குள் தெருவுக்கு வந்துவிட்டது. வருகிற வழியில் மொட்டை உதிர்ந்துபோய், 'சண்டைக்குப் பயந்து ஓடிட்டானாம்' என்பது மட்டும் மிஞ்சியிருந்தது. காலையில் சித்தியைக் கட்டிக்கொண்டு அழுதவர்கள் இப்போது அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். யார் கிளப்பியது என்று விசாரித்து அப்பா என்னிடமே வந்து சேர்ந்தார். கையை ஓங்கினார்.

"சித்தப்பாதான் சொன்னாரு," என்று ஒரே போடாகப் போட்டேன்.

அப்பாவின் கை அப்படியே நின்றது. அடுப்படியிலிருந்து சித்தி வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். "இன்னா சொன்னாரு? திட்ட மாட்டேன், சொல்லும்மா."

"லீவுல வந்தப்போ சொன்னாரு. இனிமே அங்க போவ மாட்டேன், படவேட்டுக்குப் போய்டுவேன்னு."

பச்சைப் பொய். இதை எழுதும்போதும் உடம்பு கூசுகிறது.

விடிந்ததும் சித்தி என்னைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ் ஏறினாள். கோயிலில் மொட்டை அடிக்கும் இடத்தில் ஒவ்வொருவரிடமும் கல்யாணப் போட்டோவைக் காட்டினாள். ஒருவர் மட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தார். "முடி எடுத்துட்டா எல்லா மூஞ்சியும் ஒண்ணாத்தாம்மா தெரியுது," என்றார். வரிசையாக உட்கார்ந்திருந்த மொட்டைத் தலைகளையெல்லாம் சித்தி சுற்றி வந்து முன்னால் நின்று பார்த்தாள். திரும்பும்போது எனக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தாள். நானும் வெட்கமில்லாமல் தின்றேன். அதன் பிறகும் மூன்று வெள்ளிக்கிழமை தனியாகப் போய் வந்தாள். ஒவ்வொரு முறையும் உண்மை தொண்டை வரைக்கும் வந்தது, அடிக்குப் பயந்து விழுங்கிவிட்டேன்.

சித்தப்பாவோடு இருந்த சிப்பாய் ஒருவர், தேவிகாபுரத்துக்காரர், லீவில் வந்தபோது வீட்டுக்கு வந்தார். தெருவே வாசலில் கூடிவிட்டது.

"மலை ஏறிகினு இருந்தோம் அண்ணி. குண்டு விழுந்ததுல பனி அப்படியே சரிஞ்சிடுச்சி. தேடப் போன ரெண்டு பேரும் திரும்பலை. அப்புறம் யாரையும் அனுப்பலை. உடம்பைப் பார்க்காம செத்துட்டாருன்னு எழுத மாட்டாங்க. அதான் காணோம்னு போடறாங்க." பிறகு வாசல் பக்கம் திரும்பி, "ஓடற ஆளா அவுரு? முதல்ல ஏறினதே அண்ணன்தாங்க," என்றார்.

அப்பா பல நாள் கழித்து நிமிர்ந்து நின்றார். தெரு தலை குனிந்தது. என் பொய் வெளுத்துவிட்டது, இனி செமையாக அடி விழப்போகிறது என்று நான் தறிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

சித்தி அழவில்லை. "ஓடிட்டாருன்னே நீங்களும் சொல்லியிருக்கலாம்," என்று மட்டும் அவரிடம் சொன்னாள்.

புருஷனுக்கு நல்ல பேர் கிடைத்தும் சந்தோஷப்படாமல் இப்படிப் பேசுகிறாளே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. யாரும் அடிக்காததில் ஒரு நிம்மதியும் இருந்தது. அவர் கோழையாகவே இருந்திருக்கட்டும் என்று அந்த ஊரிலேயே வேண்டிக்கொண்டவள் அவள் ஒருத்திதான் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.