துவாயைக் கண்டு இழுத்த பந்து

பிள்ளைகளே, உங்கள் அப்பா ஒரு காலத்தில் பள்ளிமுனை அணியின் நடுக்கள வீரன். நம்பாவிட்டால் அம்மாவைக் கேளுங்கள். அவவும் நம்பமாட்டா.

பங்கு மண்டபத்துத் தொலைக்காட்சியில் உலகக் கிண்ணம் பார்த்தபோது மெக்சிக்கோவின் நடுக்கள வீரர் ஒருவரை எனக்குப் பிடித்துப்போனது. பல வருடங்களுக்குப் பிறகு அதே மனிதர் பயிற்சியாளராகி, கோட்டுக்கு வெளியே நின்று கையை வீசி வீசி ஆட்களை முன்னுக்கு அனுப்பினார். அதற்குள் என் முழங்காலும் போய்விட்டது. சரி, அவரைப் போலவே நானும் பயிற்சியாளன் ஆனேன்.

முதல் போட்டிகள் எல்லாம் தோல்வி. கோயில் திருநாள் போட்டியிலும் தோற்றால் அந்த இடம் என் மச்சானுக்கு என்று கழகம் சொல்லிவிட்டது. பந்தையும் விட்டால் எனக்கு வேறு என்ன இருக்கிறது?

வெள்ளாங்குளத்து அணியோடு ஆட்டம். முடியப்போகிற நேரம் வரை கோல் இல்லை. மெக்சிக்கோக்காரர் கையைத்தான் வீசினார். நான் தூரத்துக்கும் தெரியட்டும் என்று கழுத்தில் கிடந்த துவாயை எடுத்து வீசினேன்.

அங்கேதான் எல்லாம் பிழைத்துப்போனது. எங்கள் ஆட்கள் எல்லோரும் கரைவலை இழுப்பவர்கள். காலையில் கரையில் நின்று துவாய் வீசுகிறவனும் நான்தான். துவாய் அசைந்தால் இரண்டு பக்கத்துக் கயிற்றுக்காரரும் நெருங்கி, வலையை என் பக்கம் இழுத்துவர வேண்டும். அப்படியே செய்தார்கள். இரு பக்கமும் நெருங்கி, நடுவில் அகப்பட்ட வெள்ளாங்குளத்தாரையும் பந்தையும் சேர்த்து என் காலடிக்குக் கொண்டுவந்து விட்டார்கள். பந்து கோட்டுக்கு வெளியே.

"என்னடா செய்யிறியள்?"

"நீங்கள்தானே அண்ணை துவாய் காட்டினனீங்கள்," என்றான் எங்கள் கோல் காப்பாளன். அவனும் கோலை விட்டுவிட்டு வந்து நின்றான்.

பக்கத்தில் நின்ற மச்சான், "அத்தான், மெக்சிக்கோவில மீன் என்ன விலையாம்?" என்று கேட்டான்.

நான் நிற்கிற இடத்துக்குத்தானே பந்து வருகிறது? நொண்டி நொண்டி ஓடி, வெள்ளாங்குளத்துக் கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றேன்.

"அங்க என்ன செய்யிறீர்?" என்றார் மத்தியஸ்தர்.

"நிக்கிறன், சேர்."

நிற்கக்கூடாது என்கிற சட்டம் அவருக்கும் நினைவு வரவில்லை. பந்து எங்கள் காலுக்கு வந்ததும் துவாயை வீசினேன். பந்து, அவர்களுடைய ஆட்கள், கோல் காப்பாளன், எல்லாமாக வலைக்குள் வந்து விழுந்தன.

"அண்ணை, இது என்ன விளையாட்டு?" என்று வெள்ளாங்குளத்துக் காப்பாளன் வலைக்குள் கிடந்தபடி கேட்டான்.

கழகம் என்னையே வைத்துக்கொண்டது. மச்சானுக்கும் ஒரு பதவி கிடைத்தது. இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறுமல்லவா, நான் சரியான கம்பத்துக்குப் பின்னால்தான் நிற்கிறேனா என்று அவன் பார்க்க வேண்டும். ஒருநாள் அவன் கடலை வாங்கப் போயிருந்தான். அன்றைய ஆட்டத்தைப் பற்றி அம்மாவிடம் கேட்காதீர்கள்.