காற்றுப் புகாத அலமாரி

அருங்காட்சியகத்தின் சேமிப்பு அறையைப் பார்த்துக்கொண்டவருக்குச் சக ஊழியர்கள் வைத்த பெயர் 'பூட்டு'. அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார். காற்றுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். வருஷத்துக்கு வருஷம் வெயில் ஏறுவதும், கண்ட கண்ட மாதத்தில் மழை கொட்டுவதும் தன் வெள்ளிச் சாமான்களுக்கு எதிரான சதி என்றே நம்பினார். ஜன்னல்களை ஒட்டி அடைத்தார். அலமாரிக் கதவுகளுக்கு ரப்பர் பட்டை, தட்டுகளுக்கு ரப்பர் விரிப்பு. அறை செருப்புக் கடை மாதிரி நாறியது. "இதான் சுத்தமான வாசனை" என்று வந்தவர்களிடம் மூச்சை இழுத்துக் காட்டுவார்.

அவர் மனைவி கல்லூரி நாளில் நீச்சலில் ஜெயித்து வாங்கிய கோப்பை ஒன்று வீட்டுச் சமையலறை ஜன்னலில் இருந்தது. வெள்ளி முலாம் பூசி, அவள் பெயரை மெல்லிசாகப் பொறித்தது. அவளுக்கு அது உயிர்.

"அடுப்புப் புகை, தெருத் தூசி... இங்க இருந்தா பாழாயிடும். நம்ம மியூசியம் அலமாரியில வச்சிடறேன்."

"நான்தான் தினம் துடைக்கிறேனே?"

"உனக்கு இதெல்லாம் புரியாதும்மா."

சொந்தச் சாமானை அங்கே வைக்க விதி இடம் கொடுக்கவில்லை. ஆனால் சாவி அவரிடம் இருந்தது.

அடுத்த கோடையில் நீச்சல் சங்கம் பழைய வீராங்கனைகளைக் கோப்பையோடு விழாவுக்கு அழைத்தது. பூட்டு அலமாரியைத் திறந்தார். முகத்தில் ஈயாடவில்லை. அருங்காட்சியகத்து வெள்ளி மொத்தமும் கன்னங்கரேலென்று கிடந்தது, நடுவில் அந்தக் கோப்பையும்.

ரசாயனப் பரிசோதகர் வந்து மோந்து பார்த்தார். "வெளிக்காத்து இல்ல சார், உங்க ரப்பர்தான். அதுலேருந்து வர்ற கந்தக வாயு வெள்ளியைக் கறுப்பாக்கிடும். சூடு ஏற ஏற ஜாஸ்தியா வரும். வெளிய போக வழியே இல்லாம அடைச்சு வச்சிருக்கீங்க."

"அப்போ இன்னும் நல்லா அடைக்கணுமா?" என்று கேட்டார் பூட்டு.

பரிசோதகர் தலையில் அடித்துக்கொண்டார். "நாங்க சொல்ற வரைக்கும் எதையும் தேய்க்காதீங்க."

மனைவிக்கு என்ன பதில் சொல்வது? பயந்துபோய்க் கோப்பையைக் கழுவுதொட்டியில் போட்டு, பொடி தூவிப் பரபரவென்று தேய்த்தார். கறுப்பு போயிற்று. முலாமும் போயிற்று. விளக்கில் காட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெயர் இருந்த இடம் வழுவழுவென்று இருந்தது.

அவள் அதைத் தடவிப் பார்த்து அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். வெறுங்கையோடு விழாவுக்குப் போனாள். அவரும் பின்னாலேயே போனார். மேடையில் சங்கத் தலைவி, "உங்க கோப்பை எங்கம்மா?" என்று கேட்டாள்.

அவள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரர் ரொம்பப் பத்திரமா வச்சிருக்காரு" என்றாள்.

கூட்டம் அவருக்காகக் கைதட்டியது.